வழக்கத்தைக் கழித்தால் பூஜ்யம்

தராசு பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் அவரை எல்லோரும் 'எடைக்கல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலாளி வைத்த பெயர். பாராட்டா கேலியா என்று முதலாளிக்கே தெரியாது. எடைக்கல் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. நேற்று ஒன்று, இன்று ஒன்று பேசிக் கேட்டதில்லை. யார் தூக்கி எங்கே வைத்தாலும் அதே கிலோதான். எடைக்கல்லுக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்?

வயது நாற்பத்தொன்று. தங்கை வீட்டு மாடியறையில் வாசம். மருந்துக் கிடங்கு, நகைக்கடை, பார்சல் ஆபீஸ் என்று போய் அங்கிருக்கும் தராசுகளைச் சோதித்து, கோளாறைச் சரிசெய்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது தொழில். தோளில் தொங்கும் பெட்டிக்குள், வெல்வெட் குழிகளில், ஒரு கிராமிலிருந்து இரண்டு கிலோ வரை பித்தளை எடைகள் படுத்திருக்கும். வெறும் கையால் தொட மாட்டார். விரலில் இருக்கும் எண்ணெய்க்கும் எடை உண்டாம். தங்கை கணவர் ஒருமுறை ஆசையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மூன்று நாள் பேச்சு வாங்கினார். பேச்சு என்றால் திட்டு இல்லை, விளக்கம். திட்டாக இருந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

முப்பத்தெட்டாவது வயதில் அவருக்கு ஆட்டிசம் இருப்பதாக ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். "இந்த வயசுலயா?" என்று பெரியப்பா கேட்டார், ஏதோ அம்மை போட்டுவிட்டது போல. பிறந்ததிலிருந்து இருந்ததுதான். பெயர் தெரிய முப்பத்தெட்டு வருடம் பிடித்தது. எடைக்கல் மட்டும் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ மத்தவங்களுக்கெல்லாம் டியூப் லைட் சத்தம் கேக்காதா?" கேட்காது என்று தெரிந்ததும் அன்று முழுக்க ஆச்சரியமாக இருந்தார். இவ்வளவு அமைதியான உலகத்தில் இருந்துகொண்டு இவர்கள் எதற்கு இவ்வளவு அலுத்துக்கொள்கிறார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தங்கையிடம் சொன்னார்.

"சாவியெல்லாம் எங்க இருக்குன்னு எழுதி வச்சிருக்கேன். மோட்டாருக்கு எந்த மெக்கானிக், கேஸுக்கு எந்த நம்பர், எல்லாம். பச்சை நோட்டு, அலமாரி மேல் தட்டு."

"எதுக்குண்ணா இப்போ?"

"நான் இல்லாதப்போ நீங்க தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல."

"எங்கயாச்சும் ஊருக்குப் போறியா?"

"இல்ல."

பீன்ஸ் ஒரே அளவில், ஒரே சத்தத்தில் விழுந்துகொண்டிருந்தது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவளுக்கு அந்த 'இல்ல' போதும். அடுப்பை அணைத்தாள், கணவருக்குப் போன் போட்டாள், செருப்பை மாட்டினாள். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு வெளிநோயாளிகள் வாசலில் அவர்கள் இறங்கும்போது மணி மூன்றரை.

அங்கே கதவைத் திறந்தது ஐம்பதை நெருங்கும் ஒரு நர்ஸ். கண்ணாடி மூக்கில் பாதி, கழுத்துக் கயிற்றில் பாதி. ஒரே மூச்சில் மூன்று பேரை உட்கார வைத்து இரண்டு பேரை எழுப்பக்கூடிய குரல். அவர் கையில் ஒரு தாள். அந்தக் கதவு வழியாக வருகிற எவரும் அந்தத் தாளைத் தாண்டித்தான் போக முடியும். ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: இல்லவே இல்லை, சில நாள், பல நாள், அநேகமாகத் தினமும். முறையே பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் ஐந்துக்குக் கீழே பச்சைச் சீட்டு, வீட்டுக்குப் போகலாம். ஐந்திலிருந்து பதினான்கு வரை மஞ்சள், திரும்ப வரவேண்டும். அதற்கு மேலே சிவப்பு, அப்படியே அவசரப் பிரிவு. போக்குவரத்து விளக்கைக் கண்டுபிடித்தவருக்குத் தன் கண்டுபிடிப்பு எங்கெல்லாம் போய் நிற்கும் என்று தெரிந்திருக்காது.

எடைக்கல் பேனாவை வாங்கினார். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தார். கட்டத்துக்குள் கோடு வெளியே போகாமல் டிக் போட்டார். மொத்தம் ஒன்று. அந்த ஒன்றும் தூக்கத்துக்குப் போட்டது. பக்கத்து வீட்டில் நாற்காலி இழுக்கிறார்களாம்.

"ஒண்ணுதான். கவலைப்படாதீங்கம்மா," என்றார் நர்ஸ் தங்கையிடம். "முகத்தைப் பாத்தாலே தெரியுதே, எவ்வளவு அழகா சிரிக்கிறார்."

அந்தச் சிரிப்பின் கதை நர்ஸுக்குத் தெரியாது. இருபத்தாறு வயதில், ஒரு நகைக்கடை விற்பனையாளரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. உதடு இவ்வளவு, பல் இவ்வளவு, இரண்டு நொடி, மூடு. நகைக்கடையில் நன்றாக ஓடிய சரக்கு எல்லா இடத்திலும் ஓடும் என்று அன்றிலிருந்து அதையே வைத்திருக்கிறார். ஓடவும் ஓடியது.

"சிஸ்டர், அவர் அப்படித்தான் சிரிப்பார். அது சிரிப்பே இல்ல," என்றாள் தங்கை.

"அம்மா, தாள் சொல்லுது. நான் என்ன பண்ண?" பச்சைச் சீட்டு எழுதப்பட்டது.

கதவருகே நோயாளிகளை நிறுத்தி எடை பார்க்கும் தராசு இருந்தது. கால் சில்லிடாமல் இருக்கட்டும் என்று அதன்மேல் யாரோ ஒரு ரப்பர் பாயைப் போட்டிருந்தார்கள். திரையில் பூஜ்யம். தங்கை வெளியே போய்விட்டாள். அண்ணனைக் காணோம். திரும்பிப் பார்த்தால் தராசு முன்னால் நிற்கிறார். கோயிலைக் கண்டால் நிற்பவர்கள் உண்டு, டீக்கடையைக் கண்டால் நிற்பவர்கள் உண்டு. இவர் இப்படி.

"சிஸ்டர், இது பாயை மேல வச்சுட்டு ஆன் பண்ணினதா?"

"ஆமா, பாய் எப்பவும் அங்கதான் கெடக்கும். ஏன், எடை தப்பா காட்டுதா?"

"ஏறி நிக்கிறவங்க எடை சரியாத்தான் காட்டும். பாயை அது கழிச்சிடும். ஆனா இப்போ மேல எவ்வளவு பாரம் இருக்குன்னு கேட்டா, ஒண்ணுமில்லைன்னு சொல்லும்." குனிந்து பாயை எடுத்தார். திரை கழித்தல் குறியோடு ஒன்று புள்ளி நான்கு என்றது. "பாத்தீங்களா? ஒண்ணு புள்ளி நாலு கிலோ, பாயோட எடை. திரைக்குத் தெரியாது. கீழ இருக்கிற சென்சார் அதையும் சேத்துத்தான் தாங்குது. நூத்தைம்பது கிலோ தாங்கும்னு எழுதியிருக்கே, அதுல இந்தப் பாயும் சேத்தி."

"அடேங்கப்பா. சரி சார், பாயை எடுத்துடறோம்," என்றார் நர்ஸ், அடுத்தவரைக் கூப்பிட வாயைத் திறந்தபடி.

எடைக்கல் பாயைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உங்க தாளும் அப்படித்தான்," என்றார்.

"எந்தத் தாள்?"

"ஒம்பது கேள்வியும் 'வழக்கத்தைவிட அதிகமாக'ன்னுதான் இருக்கு. வழக்கத்தைவிட அதிகமா சோர்வு. வழக்கத்தைவிட அதிகமா வாழப் பிடிக்கலைங்கற எண்ணம். வழக்கத்தைவிட இல்ல. அதான் இல்லைன்னு போட்டேன்."

நர்ஸின் வாய் மூடிக்கொண்டது. முப்பது வருட வேலையில் அது அப்படி மூடிக்கொண்ட நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கண்ணாடியை மூக்கில் முழுதாக ஏற்றினார்.

"வழக்கம் எவ்வளவு, சார்?"

பதில் வரவில்லை. அவர் வாய் திறந்தது, சொல் வரவில்லை. அவருக்கு அப்படி ஆவதுண்டு. பெரிய கேள்விக்கு வார்த்தை மாடியில் மாட்டிக்கொண்டுவிடும். நர்ஸ் மறுபடி கேட்கவில்லை. பச்சைச் சீட்டைத் திருப்பி, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினார். அவர் எழுதினார்:

'தினமும். பத்தொன்பது வயதிலிருந்து. யாரும் அந்த மாதிரிக் கேட்டதில்லை.'

அதற்குக் கீழே, சற்று யோசித்து: 'எண்ணம் கூடவில்லை. தாங்குகிற சக்திதான் இந்த ஆறு மாதமாகக் குறைகிறது. அதற்குக் கேள்வி இல்லை.' அதற்கும் கீழே: 'இந்த டியூப் லைட் சத்தம் போடுகிறது.'

நர்ஸ் முதலில் லைட்டை அணைத்தார். சீட்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து டியூட்டி டாக்டரை வரச் சொன்னார், தாழ்ந்த குரலில். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் வார்டுக்கே தெரிந்தது.

அன்று மாலை ஆறு மணிவரை அந்த அறையில் இருந்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: ஏதாவது திட்டம் இருக்கிறதா, எப்போது, எப்படி என்று. அவர் எழுதிக் காட்டினார். தங்கையின் கணவரான மாப்பிள்ளை உடனே வீட்டுக்கு ஓடி, அப்புறப்படுத்த வேண்டியதை அப்புறப்படுத்தி, தன் அலுவலகத்தில் வைத்துப் பூட்டினார். மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு சந்தேகம். வராந்தாவில் நர்ஸை நிறுத்திக் கேட்டார்.

"சிஸ்டர், இப்படி நேரடியாக் கேட்டா, நாமளே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடாதா?"

"மறந்தவங்களுக்குத்தானே சார் ஞாபகப்படுத்தணும்? இவர் இருபத்திரண்டு வருஷமா மறக்கல. நாமதான் கேக்க மறந்துட்டோம்."

ஆறு மாதக் கதையும் வெளியே வந்தது. கம்பெனியில் ஆள் குறைவு என்று இவரைக் கடைகளுக்கு அனுப்புவதை நிறுத்தி, புகார் போன் எடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார் முதலாளி. ஒரு நாளைக்கு எழுபது போன். எழுபது பேரும் கத்துவார்கள். எழுபது முறை அந்த நகைக்கடைச் சிரிப்பு, போனில்கூட. மறுநாளே தங்கை கம்பெனிக்குப் போனாள். என்ன பேசினாள் என்று முதலாளி இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. எடைப்பெட்டி திரும்ப அவர் தோளுக்கு வந்துவிட்டது.

டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார்: வாராவாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நர்ஸிடம் வரவேண்டும். தாள் பச்சை காட்டினாலும் நர்ஸின் பொறுப்பில் ஒருவரை எட்டு வாரம் வரவழைக்க விதி இடம் கொடுத்தது. எட்டாவது வாரம் மறுபடி அதே தாள். ஐந்துக்குக் கீழே வந்தால் பட்டியலிலிருந்து பெயர் தானாக நீங்கிவிடும். வெளியே காத்திருப்பவர்கள் வரிசை நீளம்.

வியாழக்கிழமைகள் ஆரம்பித்தன. நர்ஸ் வேகமாகக் கற்றுக்கொண்டார், தவறு செய்துதான். முதல் வாரம், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். 'நல்லா இருக்கேன்' என்று சிரிப்போடு வந்தது, இரண்டு நொடி, மூடு. அடுத்த வாரத்திலிருந்து என்னென்ன கேட்கப்போகிறார் என்று புதன்கிழமையே போனில் எழுதி அனுப்பினார். லைட் அணைந்திருந்தது. பதிலுக்கு எவ்வளவு நேரமானாலும் காத்திருந்தார். காத்திருக்கும்போது வாய் பரபரக்கும் என்பதால் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார். நெருக்கடி வந்தால் கூப்பிடு என்று கொடுத்த உதவி எண்ணை எடைக்கல் திருப்பிக் கொடுத்தார். போன் பேசுவது பற்றிய பயத்திலிருந்து தப்பிக்க போன் பேசச் சொல்கிறீர்களே என்றார். குறுஞ்செய்தி அனுப்பும் எண் ஒன்றைத் தேடிப் பிடிக்க நர்ஸுக்கு நான்கு நாளானது.

நான்காவது வியாழன் அவர் முதல் முறையாகத் தானாகவே ஒன்று சொன்னார்: "புதன்கிழமை ராத்திரி, 'நாளைக்கு வியாழன்'னு நெனச்சுக்கறேன். அது போதுமா இருக்கு."

நர்ஸ் ஊசியை நிறுத்தி அதை அப்படியே குறிப்பில் எழுதினார். எழுதும்போதே எட்டாவது வாரம் ஞாபகம் வந்தது.

ஆறாவது வார ஞாயிறு, தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசை. பேசுவதற்கு வேறு விஷயமே இல்லை.

"ஒரு கட்டம் தள்ளி டிக் போட்டா என்னண்ணா குறைஞ்சிடும்? தினமும்னு போடு. உண்மைதானே?"

"தினமும் உண்மை. 'வழக்கத்தைவிட அதிகமா, தினமும்' பொய்."

"அந்த ஒரு வார்த்தையைப் பாக்காத மாதிரி இரேன்."

"பாத்துட்டேனே."

மாப்பிள்ளை தன் பங்குக்கு இறங்கினார். "மச்சான், ஒரு கடைக்காரன் கிலோவுக்கு அம்பது கிராம் கூடப் போட்டுக் குடுக்கறான்னு வைங்க. யாராச்சும் அவன்மேல கேஸ் போடுவாங்களா?"

"நான் போடுவேன். கூடக் காட்டினாலும் கெட்ட தராசுதான் மாப்ளே. இன்னைக்குக் கூடக் காட்டறது நாளைக்குக் குறைச்சும் காட்டும்."

"இவருக்கு உயிரைவிட டிக்கு பெருசு!" என்று தட்டை நகர்த்தினார் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. "மன்னிச்சுக்கங்க மச்சான்."

"எதுக்கு?" என்றார் எடைக்கல். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீங்க சொன்னது தப்பு, அவ்வளவுதானே. எனக்கு உயிரும் டிக்கும் ரெண்டும் ஒண்ணுதான். ஒரு தடவை பொய் டிக் போட்டா, அப்புறம் நான் எதைச் சொன்னாலும் சிஸ்டர் இது நிஜமா, கூடப் போட்டதான்னு யோசிப்பாங்க. அவங்க அப்படி யோசிக்காம கேக்கறாங்க. அதுக்குத்தான் போறேன்."

ஏழாவது வியாழன் நர்ஸும் அதே பாவத்தில் இறங்கிப் பார்த்தார். "சார், அன்னைக்கு நான் கண்ணை மூடிக்கறேன், நீங்க எதையாவது போடுங்க," என்றார். எடைக்கல் அவரை நிமிர்ந்து பார்த்தார். நர்ஸ் பின்னலை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி, வாங்க, பெரிய டாக்டர்கிட்டயே போவோம்."

பெரிய டாக்டர் பிரிவுத் தலைவர். நல்ல மனிதர், நல்ல மனிதர்களுக்கே உரிய பிடிவாதக்காரர். மேசைமேல் தாள்கள் மேல் தாள்கள், அவற்றின்மேல் டீ. கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கேள்வித்தாளைப் பதினோராயிரம் பேர்கிட்ட சோதிச்சிருக்காங்க. ஒரு கமாவை மாத்தினாலும் அந்தச் சோதனை செல்லாது. என் கையில இல்ல."

"பதினோராயிரம் நல்ல எண்ணிக்கை," என்றார் எடைக்கல் மரியாதையாக. "அதுல எங்களை மாதிரி எத்தனை பேர்?"

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு கையேட்டை எடுத்தார். புரட்டினார். கண்ணாடியைக் கழற்றிப் படித்தார். மாட்டிப் படித்தார். பக்கத்தின் அடியில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் இருந்தது: ஆட்டிசம் உள்ளவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

"ம்," என்றார் டாக்டர்.

"தராசு சோதிக்கும்போது எடையை நடுவுல மட்டும் வைக்க மாட்டோம் சார். நாலு மூலையிலயும் வைப்போம். நடுவுல சரியா காட்டி, மூலையில தப்பா காட்டற தராசு நெறைய உண்டு. அதுக்கு நான் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன்."

டாக்டர் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தார். "தாளை மாத்த முடியாது," என்றார் மறுபடி. பிறகு குரலைத் தாழ்த்தி, சட்டத்தின் சந்துபொந்து தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்போடு, "ஆனா பின்னால இன்னொரு தாள் பின் அடிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. முடிவை எடுக்கும்போது இணைப்பையும் சேத்துப் பாக்கலாம்." ஆபீஸ் என்பது இதுதான். கமாவுக்குக் காவல் பலம், ஸ்டேப்ளருக்குக் கேட்பாரில்லை.

இணைப்புத் தாளை யார் எழுதுவது? நர்ஸ் எழுதிய முதல் வரைவை, வியாழக்கிழமைகளில் வருகிற, இவரைப் போன்ற ஐந்து பேரிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது வரைவைவிடச் சிவப்பு மை அதிகமாக இருந்தது. 'மனம் கனமாக உள்ளதா' என்ற கேள்வியை அடித்துவிட்டு ஒருவர் 'பதில் தெரியவில்லை, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்று கேளுங்கள், சொல்வேன்' என்று எழுதியிருந்தார். 'தினமும் ஒரே சாப்பாடு, யாரையும் பார்க்கப் பிடிக்காதது, இதெல்லாம் எனக்கு நோய் இல்லை, விருப்பம். நோயில் சேர்க்க வேண்டாம்' என்று இன்னொருவர். 'மற்றவர்கள்போல நடிப்பதில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது?' என்று ஒரு பெண் புதுக்கேள்வியே சேர்த்திருந்தார். அதை நர்ஸ் இரண்டு முறை படித்தார். தாளை முந்தின நாளே கொடுக்க வேண்டும், எழுதியே பதில் சொல்லலாம், முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளை மேலே பெரிய எழுத்தில் போட்டார்கள். முக்கியமான கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டார்கள்: 'உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் இந்த வாரம் எத்தனை நாள் வந்தது? பூஜ்யம் முதல் ஏழு வரை.' வழக்கத்தைவிட என்ற வார்த்தை போயே போய்விட்டது.

பெரிய டாக்டர் வரைவைப் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், இதுல இவர் ஏழுன்னு எழுதுவார். ஏழு நாளும் அந்த எண்ணம்னா, கூட்டுத்தொகையே பாக்காம சிவப்பு. சிவப்புன்னா இவரை இப்பவே அவசரப் பிரிவுக்கு அனுப்பணும். அங்க லைட்டு, கூச்சல், மணி, ஸ்ட்ரெச்சர். இவர் அங்க ஒரு ராத்திரி இருந்தா நல்ல ஆளா திரும்புவாரா? முன்னாடி தாள் இவரை வீட்டுக்குத் துரத்திச்சு, உங்க தாள் இவரை வார்டுக்குத் துரத்துது."

எட்டாவது வியாழனுக்கு இன்னும் இரண்டே நாள். சங்கதி எடைக்கல்லுக்குக் குறுஞ்செய்தியாகப் போனது. அவர் அப்போது ஒரு பார்சல் ஆபீஸில், தராசுக்கு அடியில் படுத்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஐந்து வரி.

'பெட்டியோடு நிறுத்தால் மொத்த எடை. காலிப் பெட்டி தனி எடை. கழித்தால் நிகர எடை. ரசீதில் மூன்றையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால்தான் சண்டை வரும்.'

நர்ஸ் அந்தச் செய்தியைப் பெரிய டாக்டருக்குக் காட்டினார். டாக்டர் ஒரு ரூலரை எடுத்து இணைப்புத் தாளில் தானே மூன்று பத்தி கோடு போட்டார். இந்த வாரம் எவ்வளவு. உங்களுக்கு வருடக்கணக்கில் வழக்கம் எவ்வளவு. வித்தியாசம் எவ்வளவு. முதல் பத்தி பெரிதாக இருந்தால் யாரையும் வீட்டுக்கு அனுப்பிப் பெயரை நீக்கக் கூடாது, தொடர்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது பத்தி கூடினால், அல்லது திட்டம் ஏதும் இருந்தால், அன்றே டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும். தாங்கும் சக்தி எவ்வளவு என்று நாலாவதாக ஒரு கட்டத்தையும் நர்ஸ் சேர்க்கச் சொன்னார். பரீட்சார்த்தமாக ஆறு மாதம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

எட்டாவது வியாழன். பதினொரு மணி, லைட் இல்லை. தங்கையும் மாப்பிள்ளையும் வெளியே பெஞ்சில். மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளுக்கும் போய்விட்டார். உள்ளே எடைக்கல் முதலில் பழைய தாளை நிரப்பினார். கோடு வெளியே போகாத டிக். மொத்தம், பூஜ்யம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிக் காலுக்கு ரப்பர் போட்டுவிட்டார்களாம்.

பிறகு இணைப்பு. இந்த வாரம்: ஏழு. வழக்கம்: ஏழு. வித்தியாசம்: பூஜ்யம். திட்டம்: இல்லை, எட்டு வாரமாக இல்லை. தாங்கும் சக்தி, பத்துக்கு: ஆறு. எட்டு வாரத்துக்கு முன்னால் என்னவாக இருந்தது என்று, நர்ஸ் கேட்காமலேயே, ஓரத்தில் அவரே எழுதியிருந்தார்: இரண்டு.

பெரிய டாக்டரே வந்து உட்கார்ந்தார். இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். ஒன்று 'இந்த மனிதருக்கு ஒன்றுமே இல்லை' என்றது. இன்னொன்று 'இந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் இதைச் சுமக்கிறார், இப்போது கொஞ்சம் நன்றாகச் சுமக்கிறார்' என்றது. டாக்டர் சில கேள்விகள் கேட்டு, காத்திருந்து, பதிலை வாங்கி, கீழே எழுதினார்: பட்டியலில் தொடரவும். வாராவாரம்.

வெளியே வந்தபோது தங்கை எழுந்து நின்றாள். "என்னண்ணா?"

"தொடரச் சொல்லிட்டாங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற ஒரு அந்நியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் எலும்பு முறிவுக்கு வந்தவர், ஒன்றும் புரியாமல் நன்றி சொன்னார்.

பதினான்காவது வியாழன் இணைப்புத் தாளின் முதல் கட்டத்தில் ஆறு என்று எழுதியிருந்தது. நர்ஸ் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஊசி, நூல் எல்லாம் மடியிலிருந்து உருண்டது.

"சார்! ஒரு நாள் வரலையா? எந்த நாள்?"

"சனிக்கிழமை. மருந்துக் கிடங்குல பெரிய தராசு. காலையில போனவன் சாயங்காலம்தான் வந்தேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் கவனிச்சேன், இன்னைக்கு வரலையேன்னு."

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து ஓடி யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எடைக்கல் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒரு தடவை காட்டினதை வச்சு முடிவு பண்ணக் கூடாது சிஸ்டர். தராசு தடுமாறி இருக்கலாம். மூணு தடவை பாக்கணும்."

நர்ஸ் உட்கார்ந்தார். பின்னலை எடுத்தார். அந்த வாரம் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. அது அவர் வாழ்க்கையிலேயே செய்த பெரிய தியாகம். பதினைந்தாவது வியாழன் ஆறு. நர்ஸ் அடுத்த கேள்விக்குப் போனார். பதினாறாவது வியாழன் தாள் கைக்கு வந்தபோது அதைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார், நிபந்தனை ஞாபகம் வந்து தாளைப் பார்த்தார்.

ஆறு.

எடைக்கல் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "இப்போ சந்தோஷப்படலாம் சிஸ்டர்," என்றார்.